48 குழந்தைகளும் ஒரு சிவப்பு வரைபடமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோய்த் தரவுகளில் ஒளிந்திருக்கும் ஒழுங்குகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். கணினியும் கோடிக்கணக்கான பதிவுகளும் வந்த பிறகுதான் இதெல்லாம் கைகூடியது என்ற தொனி மட்டும் உறுத்தியது. நெடுங்காலம் புள்ளியியல் பாடம் நடத்தியவன். சும்மா இருக்க முடியவில்லை.

1971இல் அமெரிக்க மரபியலாளர் ஆல்ஃபிரட் நட்சன் ஆராய்ந்தது வெறும் 48 குழந்தைகளின் பதிவுகளை. எல்லோருக்கும் விழித்திரைப் புற்றுநோய். சிலருக்கு ஒரு கண்ணில், சிலருக்கு இரண்டிலும். ஒவ்வொரு வயதிலும் இன்னும் நோய் வெளிப்படாதவர்கள் எத்தனை பங்கு என்று, சம தூரம் சம மடங்கைக் காட்டும் மடக்கை அளவில் குறித்துப் பார்த்தார். இரு கண்களிலும் நோய் கண்டவர்களின் புள்ளிகள் நேர்கோடாக இறங்கின. மற்றவர்களுடையவை முதலில் தயங்கி, பிறகு வளைந்து இறங்கின. நேர்கோடு என்றால், நோய் தொடங்க மரபணுவில் ஓர் அடி, அதாவது ஒரு பழுது, போதும். வளைவு என்றால் இரண்டு அடி விழ வேண்டும். இரு கண்களிலும் நோய் கண்ட குழந்தைகள் அந்த இரண்டில் ஓர் அடியைப் பிறக்கும்போதே சுமந்து வந்தவர்கள். அதற்குரிய மரபணு பிரித்தெடுக்கப்பட்டது 1986இல்தான்!

பகுதிவாரியாகப் புற்றுநோய் வீதத்தை நிறத்தால் காட்டி, கட்டுரையோடு வந்த வண்ண வரைபடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய் இறப்பு வீதம் மிகக் குறைந்த மாவட்டங்களைத் தேடினால், மக்கள் அதிகம் இல்லாத கிராமப்புறங்களே வந்து நிற்கும். தூய காற்று, நிம்மதியான வாழ்க்கை என்று உடனே காரணம் சொல்லத் தோன்றும். வீதம் மிக உயர்ந்தவற்றைத் தேடினாலும் அதே மாதிரி ஊர்கள்தான் வரும். ஆயிரம் பேர் வாழும் இடத்தில் ஓராண்டில் ஒருவர் இறந்தால் லட்சத்துக்கு 100. யாரும் இறக்காவிட்டால் பூஜ்யம். காற்றுக்கும் தண்ணீருக்கும் இதில் வேலையே இல்லை. உங்கள் படத்தில் அடர்சிவப்பாகத் தெரிந்தவற்றில் எத்தனை இந்த ரகம் என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

முதியோர் மிகுந்த பகுதியும் சிவப்பாகத்தான் தெரியும். பல புற்றுநோய்களில் இறப்பு வீதம் ஏறத்தாழ வயதின் ஆறாம் அடுக்காகக் கூடுவதை பிரிட்டனின் புள்ளியியலாளர் ஆர்மிட்டேஜும் மருத்துவர் டாலும் 1954இல் காட்டினார்கள். அந்தக் கணக்கில் 30 வயதில் இருப்பதைப் போல 60 வயதில் 64 மடங்கு (2×2×2×2×2×2).

அடுத்த முறை இத்தகைய படம் போடும்போது, நிறத்தோடு நோயாளிகளின் எண்ணிக்கையையும் அச்சிடுங்கள். வயது வேறுபாட்டைச் சரிக்கட்டிய வீதமா இல்லையா என்று கீழே ஒரு வரி சேர்ப்பதற்கு இடம் இல்லாமலா போகும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்