தஞ்சாவூரில் விமான வரலாற்றுக் கூடம்: நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

தஞ்சாவூரின் பொது அருங்காட்சியகத்தில் டெல்டாவின் விமான வரலாற்றுக்கென ஒரு கூடம் அமைக்க, ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற விமானப்படையினர், வணிகர்கள், ஐ.டி.ஐ. பயிற்றுநர்கள் எனப் பலர் சேர்ந்து ஒரு குழுவாகக் கூடியிருக்கிறோம். அருங்காட்சியகம் இடம் தருகிறது, மின்சாரம் தருகிறது. மற்றச் செலவுக்கு ஊராரிடம்தான் வர வேண்டும், அதனால் வந்திருக்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும் 9ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருகோணமலை எவ்வளவு பக்கம் என்று நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூர், உளுந்தூர்பேட்டை, சூலூர், கயத்தாறு என்று தென்னாட்டில் போர்க்கால ஓடுதளங்கள் இருந்ததன் பின்னணி இதுதான்.

பிரிட்டிஷ் விமானப்படையின் 36ஆவது படையணி அந்தப் போரில் மலாயாவிலும் ஜாவாவிலும் தன் பழைய இரட்டை இறக்கை விமானங்களைப் பறிகொடுத்து, இல்லாமலே போயிருந்தது. 1942 அக்டோபரில் அந்தப் படையணியை மறுபடி உருவாக்கிய இடம் நம் தஞ்சாவூர். வெல்லிங்டன் என்ற இரட்டை எஞ்சின் விமானங்களோடு, கிழக்குக் கடற்கரையில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் வேலையில் அது இறங்கியது. 1943இல் வட ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. அந்த எஞ்சின் இரைச்சலை வயல் வரப்பில் நின்று அண்ணாந்து கேட்ட பிள்ளைகளுக்கு இன்று தொண்ணூறு வயது. அவர்கள் இருக்கும்போதே இந்தக் கூடம் வர வேண்டும் என்பதுதான் எங்கள் அவசரம்.

வெல்லிங்டன் மொத்தம் 11,000க்கும் மேல் கட்டப்பட்டது. உலகில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே. இரண்டும் இங்கிலாந்தில் இருக்கின்றன. ஒன்று ஸ்காட்லாந்தின் ஓர் ஏரிக்கு அடியிலிருந்து 1985இல் தூக்கி எடுக்கப்பட்டது. ஆகவே அசல் விமானம் நமக்குக் கிடைக்காது. அதன் உடற்பகுதியில் 4 மீட்டர் நீளத்தை மட்டும் முழு அளவில் நாமே கட்டப் போகிறோம்.

ஏன் உடற்பகுதி? அந்த விமானத்தின் அதிசயமே அங்கேதான் இருக்கிறது. பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர், அலுமினியக் கலவைப் பட்டைகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்த்து, மூங்கில் கூடை முடைவதுபோல அதன் உடலைப் பின்னினார். மேலே தகடு கிடையாது; துணி போர்த்தி, அது விறைப்பாக நிற்கப் பூச்சு அடித்திருப்பார்கள். சில பட்டைகள் அறுந்தாலும் மற்றவை பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். துணியெல்லாம் எரிந்து எலும்புக்கூடு வெளியே தெரிந்த நிலையிலும் தளம் திரும்பிய வெல்லிங்டன்கள் உண்டு. எங்கள் மாதிரியில் பாதிக்குத் துணி போர்த்துவோம். மறுபாதி திறந்தே இருக்கும். பிள்ளைகள் உள்ளே நுழைந்து பட்டையைத் தொட்டு, பாரம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்கலாம். பாடப்புத்தகத்தில் ஒரு வாரம் விளக்குவதை அங்கே கையால் தொட்டே புரிந்துகொள்வார்கள் என்று எங்கள் குழுவின் ஆசிரியர்கள் உறுதியாக நம்புகிறார்கள். ஐ.டி.ஐ. மாணவர்களே பட்டைகளை வளைத்து ரிவெட் அடிப்பார்கள்.

ஓய்வுபெற்ற போர் விமானம் ஒன்றைக் கேட்டு வாங்கி வாசலில் நிறுத்தலாமே என்று சிலர் கேட்டார்கள். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் 2017இல் ஓய்வுபெற்ற டியூ-142 விமானம் இன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்பதை நாங்களும் அறிவோம். ஆனால் வெயிலிலும் மழையிலும் நிற்கும் விமானத்தை ஆண்டுதோறும் பராமரிக்கும் வசதி நம்மிடம் இல்லை. நம் ஊர்க் கதையைச் சொல்லும் ஒரு பொருள் கூரைக்குக் கீழே பத்திரமாக இருப்பது மேல்.

கூடத்தின் இன்னொரு பக்கம் முழுக்க உங்களுடையது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஊர் இது. சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணம் முடிந்தது. அதன்பின் மன்னார்குடியும் கூத்தாநல்லூரும் கும்பகோணமும் திருச்சி விமான நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்றன. நீல நிற ஏர்மெயில் கடிதங்கள், கையால் எழுதிய விமானச் சீட்டுகள், பெட்டியில் ஒட்டிய சீட்டு, வாயுதூத் என்ற பழைய அரசு விமான நிறுவனத்தின் காலத்துத் துண்டறிக்கை, வழியனுப்ப வந்த கூட்டத்தோடு எடுத்த போட்டோ: உங்கள் பரணில் இருந்தால் கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் ஒருநாள் இரவல் தாருங்கள்; படியெடுத்துத் திருப்பித் தருவோம். நம் ஈரக்காற்றில் காகிதம் எவ்வளவு சீக்கிரம் பழுத்துப்போகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

தஞ்சாவூர் விமானப்படைத் தளம் 2013 மே 27 அன்று முறையாகத் தொடங்கியதும், 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானப் படையணி இங்கு வந்ததும் ஒரு பலகையில் இடம்பெறும். தளத்துக்குள் எடுத்த படம் எதையும் வைக்க மாட்டோம். தயவுசெய்து யாரும் அனுப்ப வேண்டாம்.

மொத்தத் தேவை 24 லட்சம் ரூபாய். உடற்பகுதிக்கு 11 லட்சம். ஈரம் புகாத கண்ணாடிப் பேழைகளுக்கு 7 லட்சம். பெரியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யவும் பலகைகள் எழுதவும் மீதி. ஒரு பட்டையின் செலவு ஏறத்தாழ 2,000 ரூபாய். ஒரு குடும்பம் ஒரு பட்டை என்று ஏற்றுக்கொண்டால் வேலை நடந்துவிடும். அது முடியாதவர்கள் 100 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு, நன்கொடையாளர் ஏட்டில் பெயரும் உண்டு. தொகை பார்த்துப் பெயரைப் பெரிதாகவோ சிறிதாகவோ எழுத மாட்டோம். வருமான வரிச் சலுகைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் தெரிவிக்கிறோம்.

பணமாகவோ காசோலையாகவோ அருங்காட்சியக அலுவலகத்தில் எங்கள் குழுவின் பெயரில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். மாதம்தோறும் வரவு செலவுக் கணக்கை அங்கேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். உங்கள் வீட்டில் அந்தக் காலத்து விமானங்களைப் பார்த்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பணத்துக்கு முன்னால் அந்தச் செய்தியைச் சொல்லி அனுப்புங்கள். ரெக்கார்டரோடு நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
விமான வரலாற்றுக் கூட அமைப்புக் குழுவினர்,
தஞ்சாவூர்