எங்கள் ஊர்க் கழகம் கணக்கு வாசிக்கிறது

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். நான் உங்கள் நாட்டவன் இல்லை. உங்களைத் தெரிவுசெய்கிற எந்தச் சங்கத்திலும் எனக்கு வாக்கும் இல்லை. சின்ன வயதிலிருந்து உங்கள் அணியைப் பின்தொடர்கிறவன், அவ்வளவுதான். வன்னியில் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறோம்.

1999 ஜனவரியில் நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். கரண்ட் இல்லை, பற்றரி கிடைக்காது. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி டைனமோவைப் பின்சில்லோடு உரசவிட்டு, அதிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்தார். அவர் உழக்க உழக்க சேப்பாக்கம் பேசியது. பாகிஸ்தானோடு டெஸ்ட், நாலாம் நாள், வெல்ல 271 வேண்டும். கால் தளர்ந்தால் வர்ணனையும் தேய்ந்து இரைச்சலாகிவிடும். ‘உழக்கண்ணா, உழக்கண்ணா’ என்று நாங்கள் சுற்றி நின்று கத்துவோம். முதுகு வலியோடு நின்ற சச்சின் 136 எடுத்து ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ஓட்டம்தான் பாக்கி. மிச்ச மூன்று விக்கெட்டும் நாலு ஓட்டத்துக்குள் போயின. 12 ஓட்டத்தால் தோல்வி. ஆனாலும் சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தான்காரருக்குக் கை தட்டியது. அண்ணா காலை எடுத்த பிறகும் சில்லு கொஞ்ச நேரம் சுற்றியது. அது நிற்கும்வரை அந்தக் கைதட்டல் கேட்டது. என்றாவது ஒருநாள் அந்த மைதானத்தில் போய் இருக்க வேண்டும் என்று அண்ணா அன்றைக்குத்தான் சொன்னார்.

அடுத்த வருடம் சூதாட்டக் கதை வெளியே வந்தது. அந்த டெஸ்டில் அணித் தலைவராக இருந்த அசாருதீனுக்கு நீங்கள் ஆயுள்தடை போட்டீர்கள். 2012இல் அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா வேர்க்க விறுவிறுக்க உழக்கிக் கேட்ட ஆட்டங்களில் எதை நம்புவது, எதை நம்பாமல் விடுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தடை போட்ட நீங்கள் அதைத் தெளிவாக எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். நான் கேட்பது இந்த ஒன்றைத்தான். செய்வதைச் சொல்லிச் செய்யுங்கள், ஏன் செய்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்த வயலில் மென்பந்து விளையாடுகிற சின்னக் கழகம். வருடத்துக்கு ஒருமுறை சனசமூக நிலையத்தில் பொதுக்கூட்டம் வைப்போம். பொருளாளர் சீ.ஆர். கொப்பியை விரித்து ஒவ்வொரு வரியாக வாசிப்பார். பந்து வாங்கியது, வலை தைத்தது, சுற்றுப்போட்டிக்கு வந்த அணிகளுக்குச் சோடா கொடுத்தது எல்லாம் அதில் இருக்கும். போன கூட்டத்தில் 450 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு இல்லை என்று ஒரு பொடியன் எழும்பிக் கேட்டான். பொருளாளர் வயதில் அவனைவிட இருபது வருடம் மூத்தவர். கோபிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து வந்து காட்டிய பிறகுதான் கூட்டம் முடிந்தது.

உங்கள் சபையும் தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த ஒரு சங்கம்தானே. 2023 முதல் 2027 வரையான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. விளையாட்டு பெரிதாகிக் காசு வருவது நல்லதுதான், வீரர்கள் நன்றாக வாழட்டும். ஆனால் சபையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்லி இந்தியச் சட்ட ஆணையம் 2018இல் பரிந்துரைத்தது. 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்திலோ, அரசிடம் காசு வாங்குகிற அமைப்புகளுக்கு மட்டும்தான் தகவல் உரிமை பொருந்தும் என்று முடிந்தது. நீங்கள் அரசிடம் வாங்குவதில்லை, சரி. ஆனால் நாட்டின் பெயரில் அணி இறக்குகிறீர்களே. தகவல் உரிமைச் சட்டம் உங்கள்மேல் வந்தாலும் அந்நியனான நான் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியும். மதுரையிலோ சேலத்திலோ இருக்கிற ஒரு பொடியன் எழும்பிக் கேட்கக்கூடியதாக இருந்தால் போதும்.

எங்கள் பொருளாளர் தன் மச்சானின் கடையில் பந்து வாங்கினால்கூட ஊர் கேள்வி கேட்கும். சபைத் தலைவராக இருந்த ஸ்ரீனிவாசனின் நிறுவனமே ஓர் ஐ.பி.எல். அணியை வைத்திருந்தது. சபைப் பொறுப்பில் இருப்பவர் அணி வாங்க இடம்கொடுத்த விதி செல்லாது என்று சொல்ல 2015இல் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. அந்த நீதிமன்றம் நியமித்த லோதா குழு சபைக்குத் திருத்தங்கள் சொன்னது. 2016இல் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. அவற்றை நடைமுறைப்படுத்தவில்லை என்று 2017 ஜனவரியில் தலைவரையும் செயலாளரையும் நீதிமன்றமே நீக்கியது. அத்தனைக்கும் பிறகு 2022இல், பதவியில் இருந்தவர் இடைவெளி விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தித் தரச் சொல்லி அதே நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினீர்கள். ஏன் ஐயா? ஆறு வருடம் பதவியில் இருந்தவர் அடுத்த மூன்று வருடம் ஆட்டத்தை வெளியே இருந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

2013இல் நடந்த இன்னொன்று எங்களுக்கு நெருக்கமானது. அந்த வருடம் ஐ.பி.எல்.லில் இலங்கை வீரர்கள் சென்னையில் இறங்குவதில்லை என்று முடிவானது. முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார், ஐ.பி.எல். நிர்வாகக் குழு ஒத்துக்கொண்டது. தமிழ்நாட்டுச் சனத்தின் கோபத்தை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். எங்கள் செத்தவீட்டுக்கு அழுதவர்கள் அவர்கள். ஆனால் அந்தத் தடைக்குள் முரளிதரனும் அகப்பட்டார். கண்டித் தமிழன், சென்னையில் பெண் எடுத்தவர், முதல் மூன்று பருவமும் சென்னை அணிக்கே பந்துவீசியவர். அன்றைக்கு அவர் பெங்களூர் அணியில் இருந்தார். தமிழருக்காக என்று எடுத்த முடிவில் ஒரு தமிழன் சேப்பாக்கத்துக்கு வெளியே நின்றதை எங்கள் வாசிகசாலையில் பேப்பரில் வாசித்த பெரியவர்கள் நீண்டநேரம் பேசவில்லை. அதைப் பற்றி உங்களிடமிருந்து எங்களுக்கு ஒரு வார்த்தை வந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி 2023 உலகக் கிண்ணம். அந்த வருடம் அண்ணாவுக்கு நானே காசு கட்டிக் கடவுச்சீட்டு எடுத்தேன். அதற்கு முந்தின வருடம் டிசம்பரில்தான் யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் திரும்பவும் தொடங்கியிருந்தது. ஒன்றரை மணித்தியாலத்தில் போய் இறங்கலாம். ஒக்டோபர் 5இல் தொடங்குகிற போட்டிக்கு அட்டவணை வந்தது ஜூன் 27இல். 2019 உலகக் கிண்ணத்துக்கு ஒரு வருடத்துக்கு முந்தியே அட்டவணை வந்துவிட்டது. சரி, வந்ததே என்று இருந்தால், ஓகஸ்ட் 9இல் ஒன்பது ஆட்டங்களின் திகதியோ நேரமோ மாறின. ரிக்கற் விற்பனை ஓகஸ்ட் கடைசியில். விசா, விமானம், தங்குமிடம் எல்லாவற்றையும் ஒரு கூலித் தொழிலாளி ஐந்து கிழமைக்குள் எப்படி ஒழுங்குபடுத்துவது? ரிக்கற் நிச்சயமில்லாமல் கடன் வாங்க அண்ணா சம்மதிக்கவில்லை. ஒக்டோபர் 8இல் சேப்பாக்கத்தில் அவுஸ்திரேலியாவோடு இந்தியா 2 ஓட்டத்துக்கு 3 விக்கெட் இழந்து நின்றபோது நாங்கள் வீட்டு ரீவிக்கு முன்னால் இருந்தோம். கோலியும் ராகுலும் தூக்கி நிறுத்தினார்கள். அண்ணா ஒன்றும் சொல்லாமல் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

ரீவியில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். மைதானத்துக்கு வருகிறவனைப் பற்றி யாராவது யோசிக்க வேண்டும். 2025 ஜூன் 4இல் பெங்களூர் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் செத்தார்கள். கிண்ணத்தைப் பார்க்க வந்த சனம். அதற்குப் பிறகு அணி, மாநிலச் சங்கம், பொலிஸ், அரசு என்று பொறுப்பு கைமாறிக் கைமாறிப் போனதைத்தான் கண்டோம். ஐ.பி.எல். உங்களுடையது. ஐ.பி.எல். கிண்ணத்துக்காக வந்து செத்தவர்களின் வீட்டுக்கு முதல் ஆளாய் நீங்கள் போயிருக்க வேண்டும்.

மல்யுத்தம் உங்கள் பொறுப்பில் இல்லை. ஆனாலும் 2023 மே மாதம், பாலியல் துன்புறுத்தலுக்கு நீதி கேட்டுப் போராடிய மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகட்டையும் சாக்‌ஷி மாலிக்கையும் டெல்லித் தெருவில் பொலிஸ் இழுத்துப் போனபோது, 1983 உலகக் கிண்ணம் வென்ற வீரர்கள் அவர்களுக்காக அறிக்கை விட்டார்கள். அந்த அணியில் ஒருவரான, அப்போதைய உங்கள் தலைவர் ரொஜர் பின்னி, தான் அறிக்கை விடவில்லை என்று விலகிக்கொண்டார். அது எனக்குப் பெரிய மனவருத்தம்.

நீங்கள் நல்லது செய்யவே இல்லை என்று எழுத எனக்கு மனமில்லை. 2022இல் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று அறிவித்தீர்கள். 2025 நவம்பர் 2இல் நவி மும்பையில் பெண்கள் முதல்தடவை உலகக் கிண்ணம் தூக்கினார்கள். ஷஃபாலி 87 அடித்தார், தீப்தி சர்மா 58 அடித்து ஐந்து விக்கெட்டும் எடுத்தார். அன்றிரவு அண்ணாவின் மகள் தென்னை மட்டையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினவள், படுக்கக் கூப்பிட்டும் வரவில்லை.

2031 உலகக் கிண்ணம் இந்தியாவிலும் பங்களாதேஷிலும் நடக்க இருக்கிறது. அட்டவணையையும் ரிக்கற்றையும் ஒரு வருடம் முந்தியே விடுங்கள். அண்ணாவின் கடவுச்சீட்டு 2033 வரைக்கும் செல்லும்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து ஒரு ரசிகன்