அட்டவணை எழுதிக் கொடுத்த அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் வாசகர் வட்டம் கலையவில்லை. போன கூட்டத்தில் நடந்த சண்டையை எல்லோரும் அறிவீர்கள், மறுபடி கிளற வேண்டாம். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலை இந்த முறை கடைசிவரை பேசி முடித்தோம். நெஞ்சு நிறைந்திருக்கிறது.

முதல் நன்றி, நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அக்காவுக்கு. அவர் வட்டத்தில் உறுப்பினர்கூட இல்லை. யாரும் கேட்காமலே ஒரு முழுத்தாளில் கோடு போட்டு, அட்டவணை எழுதி, மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். முதல் கட்டத்தில் காட்சி, அடுத்து அந்தப் பத்தியின் முதல் மூன்று சொற்கள், பிறகு பழைய பதிப்பின் பக்கம், புதிய பதிப்பின் பக்கம். மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினாலே பக்கம் மாறிவிடும். அந்த மூன்று சொற்களைத் தேடினால் இடம் வந்துவிடும். ஓரிடத்தில் பென்சிலால், ‘நூலகப் பிரதியில் தாள் கிழிந்துள்ளது, புதியதில் பார்க்கவும்’ என்றும் குறித்திருந்தார்.

1966இல் வந்த நாவல், ஆளுக்கொரு பதிப்பு வைத்திருக்கிறோம். “அந்த இடத்தைப் பாருங்கள்” என்றால் பாதிப் பேர் இன்னும் புரட்டிக்கொண்டிருப்பார்கள். இடம் கிடைக்காதவர் நினைவிலிருந்து பேசுவார். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. கதையின் நாயகன் அப்புவின் தாயான அலங்காரத்தைப் பற்றி ஜானகிராமன் எழுதாததெல்லாம் அவள் தலையில் ஏறிவிடும்.

அட்டவணை கைக்கு வந்ததும் ஒரே விதிதான் வைத்தோம்: கருத்துச் சொல்பவர் முதலில் பத்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசிப்புக்கு 2 நிமிடம், பேச்சுக்கு 3 நிமிடம். பத்தி ஒரு பக்கத்தைத் தாண்டினால் கேட்பவர் கவனம் சிதறும், அதனால் பாதியில் நிறுத்தச் சொன்னோம். அப்புவிடம் இளம் விதவையான இந்து மனசைத் திறக்கும் இடத்தையும் அலங்காரம் காசிக்குப் புறப்படும் இடத்தையும் அடுத்தடுத்து வாசித்தபோது கூடம் அமைதியாகிவிட்டது. மாறியவன் அப்பு ஒருவன்தான் என்றே அதுவரை பேசிவந்தோம். பிள்ளை வேதம் படித்தால் தன் பாவம் கரையும் என்று பாடசாலைக்கு அனுப்பியவள் அலங்காரம். அவனோ அம்மாவுக்கு இன்னொருவருடன் உள்ள உறவைத் தெரிந்துகொண்டு, இந்து இருக்கும் பாடசாலைக்கே திரும்பிவிடுகிறான். இனி அவனை நம்பிப் பயனில்லை என்று தன் கணக்கைத் தானே தீர்க்கக் கிளம்புகிறாள். அவளுடைய மாற்றம்தான் பெரிது என்பது எங்கள் எண்ணம். எல்லாவற்றையும் அறிந்தும் வாய் திறக்காத அவள் கணவர் தண்டபாணியைப் பற்றி இன்னொரு நாள் பேசியே ஆக வேண்டும்.

கூடத்தைத் திறந்துவிட்டவர், வீடுவீடாகப் போய் சமாதானம் பேசியவர்கள், உபரிப் பிரதி கொண்டுவந்தவர்கள், சுக்குக் காப்பி அனுப்பிய கடைக்காரர், கோபத்தை விட்டுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்த நண்பர்கள், எல்லோருக்கும் நன்றி.

இனி எந்த நாவலை எடுத்தாலும் அட்டவணை இல்லாமல் கூட்டம் கிடையாது. அக்கா மட்டும் சுமக்க வேண்டியதில்லை: ஆளுக்கு ஐந்து காட்சி எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே பக்க எண்களைக் குறித்து நூலக மேசையில் சேர்த்துவிடுங்கள்.