எட்டு இஞ்ச் தாழ்ப்பாள்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீயும் பேத்தியும் நலந்தானே? இந்த வரியில் ஒரு சொல்லை எழுதி அடித்திருக்கிறேன். பேனா சரியில்லை, வேறொன்றும் இல்லை.

போனில் அழைத்தால், ‘இப்போது பேச முடியாது, பிறகு அழைக்கிறேன்’ என்ற வரி மணி அடித்து முடிவதற்குள் வந்து நிற்கிறது. அதை நீ தட்டி அனுப்புகிறாயா, போனே அனுப்பிக்கொள்கிறதா என்று அம்மா கேட்டாள். அலுவலகத்தில் வேலை அதிகமாக இருக்கும் என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத வந்த விஷயமும் பெரிதல்ல, நம் கொல்லைக் குழாய்தான்.

மாடித் தொட்டியிலிருந்து கொல்லைக்கு இறங்கும் பைப்பின் எல்போ போன புதன்கிழமை விரிசல் விட்டது. கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் முழங்கை, அவ்வளவுதான். டவுனில் நம் அண்ணாச்சி கடை இருந்திருந்தால் அரை மணி நேர வேலை. அண்ணாச்சி காலமான பிறகு அவருடைய பிள்ளைகள் அந்தக் கடையை மூடி, பைபாஸ் ரோட்டில் மூன்று மாடிக்குக் கண்ணாடி வைத்து ஷோரூம் கட்டியிருக்கிறார்கள். நாற்பது வருடப் பழக்கம் என் காலை அங்கேதான் இழுத்துக்கொண்டு போனது.

வாசலிலேயே ஒரு பெண் செல்போன் எண் கேட்டாள். எல்போ வாங்குவதற்கு எண் எதற்கு என்றேன். 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வாடிக்கையாளரிடம் செல்போன் எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியதை நான் செய்தித்தாளில் வெட்டி வைத்திருக்கிறேன், அதையும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, “நம்பர் போட்டாத்தான் சார் ஸ்கிரீன் திறக்கும்” என்றாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? எண்ணைக் கொடுத்தேன். ஓடிபி என் போனுக்கு வந்தது, என் போனோ வீட்டில் சார்ஜில் கிடந்தது. அம்மாவை அந்தப் பெண்ணின் போனிலிருந்து அழைத்து, அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆறு எண்களையும் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் அது காலாவதியாகிவிட்டது. அம்மா அதன் பிறகு சாயங்காலம் வரை என்னிடம் பேசவில்லை.

இரண்டாவது முறை திறந்தது. நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் அந்தக் கண்ணாடிப் பலகை, சுண்ணாம்பு காய்ந்த என் விரலை விரலாகவே மதிக்கவில்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்துத் தொட்டேன். எல்போ, அரை இஞ்ச் என்று தேடியதும் வரிசையாகப் படங்கள் வந்தன, எல்லாம் ஒரே அளவுப் படம். நட்சத்திரம் அதிகம் பெற்றிருந்த ஒன்றைத் தொட்டேன். டோக்கன் வந்தது, பணம் போனது, அட்டைப்பெட்டி ஒன்று மேலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஒரு மனிதரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பொருத்தினால் சேரவில்லை. நம் வீட்டுப் பைப் வெள்ளை நிற யுபிவிசி, குளிர்ந்த நீருக்கானது. எனக்கு வந்தது வெந்நீர்க் குழாய்க்கான சிபிவிசி எல்போ, இளமஞ்சள் நிறம், 93 டிகிரி வரை தாங்கும். இரண்டையும் அரை இஞ்ச் என்றே சொல்கிறார்கள். ஆனால் வெள்ளைப் பைப்பின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர், இளமஞ்சள் பைப்புக்கோ 15.9 மில்லிமீட்டர்தான்; ஒன்றில் மற்றொன்று நுழையாது, ஒட்டும் பசையும் வேறு. திரும்பக் கொண்டுபோனேன். கையில் பலகை வைத்திருந்த பையன் பணிவாகத்தான் பேசினான்: “சார், நீங்க செலக்ட் பண்ணினதுதான் வந்திருக்கு. பேக் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் எடுக்காது.” எடுக்காது என்றான், எடுக்க மாட்டோம் என்று சொல்லவில்லை. கணக்குப் பிரிவில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவனுக்கு அந்த ஒரு சொல்லின் வசதி புரியாமல் போகுமா?

அண்ணாச்சி கல்லாவில் இருந்தவரை எனக்குத் தவறான சாமான் வந்ததே இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்பது மட்டும் அதற்குக் காரணம் அல்ல. கேட்ட சாமானை அவர் உடனே கொடுக்க மாட்டார், “எதுக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார். உனக்கு நினைவிருக்க வேண்டும். ஒருநாள் உன்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு போய், நான் நான்கு இஞ்ச் ஆணி கேட்டேன். “எதுக்கு?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ “ஊஞ்சலுக்கு!” என்று கத்தினாய். நிறுத்துப் பொட்டலம் கட்டியிருந்த ஆணியை அவர் டப்பாவில் திரும்பக் கொட்டிவிட்டு, “பிள்ளை உக்காருத சாமான்லா, ஆணி தாங்குமாவே?” என்று என்னைத் திட்டிவிட்டு, உத்திரத்தைத் துளைத்து மறுபக்கம் நட்டு முடுக்கும் கொக்கி போல்ட் இரண்டை எடுத்து வைத்தார். நீ பெரிய மனுஷியான பிறகும் அந்த ஊஞ்சல் தொங்கியது. கொக்கிகள் இன்னும் உத்திரத்தில் இருக்கின்றன. அம்மா அதில் வெங்காயக் கூடை மாட்டியிருக்கிறாள்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி ஆளைப் பார்த்து விலை சொன்னவர், கொத்தனார் கூட்டிக்கொண்டு வந்தால் கொத்தனாருக்கான கமிஷனும் நம் பில்லில்தான் ஏறும், கடைக்குத் தனியாக வரும் பெண்ணிடம் “வீட்டில் ஆம்பளை இல்லையாம்மா?” என்று கேட்டவர். நீ ஒருமுறை அதற்காக அவரிடம் சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாய். அது நியாயமான சண்டைதான், நான்தான் அன்று உன்னைக் கண்டித்தேன். ஸ்கிரீன் யாருக்கும் ஒரே விலை சொல்கிறது, யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. அதை நான் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட ஸ்கிரீன்களுக்கு உள்ளே ஓடும் வேலையைத்தான் என் மகள் பெங்களூரில் செய்கிறாள் என்று அந்த ஷோரூம் பையனிடமே சொன்னேன், கோபத்தின் நடுவிலும். அவன் எழுந்து நின்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வாடிக்கையாளரே உள்ளே போய் சாமானை எடுத்துக்கொள்ளும் கடையை 1916-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற பெயரில் தொடங்கிவிட்டார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அதுவரை கல்லாவுக்கு அந்தப்பக்கம் நின்று குமாஸ்தா எடுத்துக் கொடுப்பதுதான் அங்கும் வழக்கமாக இருந்ததாம். சரி, அது மளிகை. சோப்பையும் பிஸ்கட்டையும் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், தவறாக எடுத்தாலும் குடிமுழுகிவிடாது. அந்த மளிகையிலேயே, இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள பூத்ஸ் என்ற கடைக்காரர்கள் 2023-இல் இரண்டு கடைகளைத் தவிர மற்றவற்றில் தானாகப் பில் போடும் இயந்திரங்களை எடுத்துவிட்டு மனிதர்களை உட்கார வைத்தார்கள் என்று படித்தேன். இரும்புக்கடைக்கு வருகிறவனுக்கோ பெரும்பாலும் சாமானின் பெயரே தெரியாது. உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறான். அவனிடம் பெயரைத் தட்டச்சு செய் என்றால் என்ன செய்வான்? உன் மேலதிகாரிகளிடம் சொல்லி, அந்த ஸ்கிரீனில் ஒரே ஒரு கேள்வி சேர்க்கச் சொல். எதற்கு என்று கேட்கச் சொல். அரை இஞ்ச் எல்போ என்றதும், வெந்நீருக்கா தண்ணீருக்கா என்று கேட்டாலே என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு நடை மிச்சம். வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி வெகுநேரம் விழிக்காதே.

கடைசியில் எல்போ சமாதானபுரத்தில் ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. உன் வயதுப் பெண் ஒருத்தி, கணவர் இறந்த பிறகு தனியாகவே அந்தக் கடையை நடத்துகிறாள். உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள், கட்டைவிரலை உள்ளே விட்டுத் திருப்பினாள், “கொல்லைப் பைப்பா ஐயா? வெயில் படுத இடமா? பெயின்ட் ஒண்ணு அடிச்சு விடுங்க, இல்லன்னா திரும்பவும் கீறும்” என்றாள். எனக்கு அண்ணாச்சியைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், “எட்டு இஞ்ச் தாழ்ப்பாள் ஒன்றும் கொடும்மா” என்றேன். நீ கேட்டிருந்தாயே, இங்கே வாங்கிப் பார்சலில் அனுப்பிவிடலாம் என்று ஓர் எண்ணம்.

“எந்தக் கதவுக்கு ஐயா?” என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. “மரக்கதவா, பிளஷ் டோரா? உள்ளால திறக்குமா, வெளியவா? நிலையும் கதவும் ஒரே மட்டமா இருக்கா? வாடகை வீடுன்னா கதவுல ஓட்டை போட விடுவாங்களா?” அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, நான் ஒவ்வொன்றுக்கும் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டு நின்றேன். “யாருக்கு ஐயா, மகளுக்கா?” என்றாள் அப்புறம். அதற்கு மட்டும் ஆமாம் என்றேன். அவள் தாழ்ப்பாளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, “கேட்டுட்டு வாங்க, நான் எங்கயும் போகல” என்றாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அம்மாவின் போனுக்கு நீ அனுப்பிய செய்தியை அன்று இரவு திரும்ப எடுத்துப் படித்தேன். ‘உள்பக்கத் தாழ்ப்பாள் எத்தனை இஞ்ச் போதும், நானே மாட்ட முடியுமா, அப்பாவிடம் கேட்டுச் சொல்.’ அதன் கீழே என் பதில், அம்மா தட்டியது: ‘எட்டு இஞ்ச். பத்து மில்லி கம்பி. எட்டாம் நம்பர் ஸ்குரூ, ஒன்றே கால் இஞ்ச். மாட்டலாம்.’ நீ கேட்டு ஐந்து நிமிடத்துக்குள் அனுப்பியிருக்கிறேன். அளவெல்லாம் சரிதான் என்று அன்று நான் திருப்தியாகத் தூங்கினேன். கடன் வாங்கிக் கட்டிய உங்கள் வீட்டுக்கு நான்தான் கூட நின்று கதவு பார்த்தேன். எல்லாக் கதவுக்கும் பித்தளைத் தாழ்ப்பாள் போட்டுத்தான் சாவி வாங்கினோம். அப்படியிருக்க மகள் இன்னொரு தாழ்ப்பாள் கேட்கிறாள், அதுவும் உள்பக்கத்துக்கு, அதுவும் தானே மாட்டிக்கொள்வதற்கு. அதைப் படித்துவிட்டு எதற்கு என்று கேட்கத் தோன்றாத நான், அந்த ஷோரூம் கண்ணாடிப் பலகையைத் திட்டி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

இது இன்று தொடங்கியதும் அல்ல. 1998-இல் நீ கோயம்புத்தூர் விடுதியில் சேர்ந்த முதல் மாதம், எஸ்டிடி பூத்திலிருந்து ராத்திரி அழைப்பாய். குரல் கம்மியிருக்கும். நான் இங்கே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “விஷயத்தை மட்டும் சொல்லு, மீட்டர் ஓடுது” என்பேன். ஒரு நாள் நீ நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “பணம் வந்து சேர்ந்துச்சுப்பா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்த மாதச் செலவுக் கணக்கை நான் அம்மாவிடம் காட்டி, பிள்ளை பொறுப்பாக இருக்கிறாள் என்று பெருமைப்பட்டேன். அதற்குப் பிறகு நீ எனக்கு விஷயத்தை மட்டுந்தான் சொல்லி வந்திருக்கிறாய். இப்போது உன் போன் எனக்கு அனுப்பும் அந்த ஒற்றை வரியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

எல்போ பொருத்தியாயிற்று, ஒழுக்கு நின்றுவிட்டது. பெயின்ட் நாளை அடிப்பேன். தாழ்ப்பாளை இன்னும் வாங்கவில்லை. அந்தப் பெண் கேட்டவற்றை மறந்துவிடக் கூடாது என்று மின் கட்டண அட்டையின் பின்புறம் குறித்து வைத்திருக்கிறேன்: எந்தக் கதவு, எந்த மரம், எந்தப் பக்கம் திறக்கும், யாருடைய வீடு. பதில் எழுதுவதற்கு நேரம் இல்லையென்றால் போனில் சொல். மெதுவாகச் சொல், இப்போது மீட்டர் கிடையாது. இல்லையென்றால் நாகர்கோவில் – பெங்களூரு ரயிலில் டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு நானே வந்து கதவைப் பார்க்கிறேன். எந்த விலாசத்துக்கு வர வேண்டும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா