முதல் பக்கத்தில் இருக்கும் பெயர்களுக்கு

அன்புள்ள வாசகர்களுக்கும், இந்த இரண்டு புத்தகங்களிலும் கை வைத்த ஒவ்வொருவருக்கும்,

வணக்கம்.

நான் எழுதிய இரண்டு காமிக்ஸ் புத்தகங்கள், கலங்கரை விளக்கக் கதையின் முதல் இதழும் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கதையும், ஒரே வாரத்தில் வெளிவந்துவிட்டன. முதலாவது 24 பக்கம், முழு வண்ணம், தொடராக வரப்போவது. இரண்டாவது 96 பக்கம், கறுப்பு வெள்ளை, ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும் கதை. ஒன்றுக்கு ஓராண்டு ஆனது, இன்னொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். பார்சலைப் பிரித்த அன்று இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் அட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

வாழ்த்துச் சொன்ன பலரும் "உங்கள் எழுத்து பிடித்திருந்தது" என்றீர்கள். மனம் நிறைந்தது. ஆனால் நான் எழுதியதில் பெரும்பகுதியை நீங்கள் படித்திருக்க முடியாது. முதல் இதழுக்கு நான் எழுதிய ஸ்கிரிப்ட் 41 பக்கம். அதில் உங்கள் கண்ணுக்கு வந்தது, பேசுபவரின் அருகே வரையும் பலூன்களுக்குள் இருக்கும் வசனம் மட்டும்தான். எல்லா வசனத்தையும் சேர்த்து எழுதினால் ஐந்தாறு பக்கம் தேறும். மீதியெல்லாம் ஓவியருக்கு நான் எழுதிய கடிதம். யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, அந்தப் பெண் ஏன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்க்கிறாள் என்று கட்டம் கட்டமாக எழுதிய கடிதம். அந்தக் கடிதத்துக்கு வந்த பதில்தான் இப்போது உங்கள் கையில் இருக்கும் புத்தகம். பதில் எழுதியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஓவியர். ஸ்கிரிப்டின் நான்காம் பக்கத்தில், "மகள் கதவைத் திறக்கிறாள், உள்ளே வருகிறாள், அப்பா இல்லை என்று அவளுக்குப் புரிகிறது" என்று ஒரே கட்டத்துக்கு எழுதி அனுப்பியிருந்தேன். அன்று மாலையே அவர் தொலைபேசியில் அழைத்தார். "இதில் மூன்று நொடி இருக்கிறது. எந்த நொடியை வரையட்டும்?" என்று கேட்டார். ஒரு கட்டத்துக்குள் ஒரு நொடிதான் நிற்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை. பல வருடமாக எழுதுகிறேன். ஆனாலும் கதைக்குள் மூழ்கி எழுதும்போது அது நழுவிவிடுகிறது. அவர் வரைந்து அனுப்பியதில் மகளின் முகமே இல்லை. தாழ்ப்பாளில் அவள் கை, அதற்கு அப்பால் சுவரில் காலியாக ஓர் ஆணி, ஆணிக்குக் கீழே பல வருடம் கோட்டு தொங்கிய இடத்தில் மட்டும் வெளிறாத சுவர். அந்தக் கட்டத்துக்கு நான் எழுதிவைத்திருந்த இரண்டு வரி வசனத்தை அப்போதே எடுத்துவிட்டேன். அங்கே சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

அவருடைய உழைப்பின் அளவையும் சொல்ல வேண்டும். 11-க்கு 17 அங்குலத் தாளில் வரைகிறார். அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கித்தான் உங்களிடம் வருகிறது. பென்சிலில் போட்டு, மையிட்டு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் முடித்தால் அது நல்ல நாள். "புயல் இரவு முழுவதும் அடிக்கிறது" என்று நான் எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வரிக்காக எட்டுப் பக்கம் அலைகளை வரைந்தார் அவர். ஒரு பக்கத்து அலை இன்னொரு பக்கத்து அலை மாதிரி இல்லை, பாருங்கள். மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு வரைந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அண்ணா, இரண்டாம் இதழில் புயல் ஓய்ந்துவிடுகிறது. உங்களுக்காகவும்தான்.

லெட்டரிங், அதாவது பலூன்களை அமைத்து அவற்றில் வசனத்தைப் பொருத்தும் வேலை, செய்த அக்காவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். காமிக்ஸ் வேலையில் இவ்வளவு கவனம் கேட்கிற, இவ்வளவு குறைவாகப் பேசப்படுகிற பங்கு வேறு இல்லை என்பது என் எண்ணம். ஒரு பலூனில் 25 சொற்களுக்கு மேல் வேண்டாம், ஒரு பக்கத்தில் 210 சொற்களைத் தாண்ட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. தமிழுக்கு அந்தக் கணக்கு செல்லாது. "போய்விட்டிருக்கிறார்களோ" என்று ஒரே சொல் எழுதினால் பலூனின் அகலம் தீர்ந்துவிடுகிறது. அதை இரண்டாக உடைத்தால் எந்த எழுத்தில் உடைப்பது? கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் அதன் எழுத்து அடுத்த வரியிலும் போய் விழுந்துவிடாமல் பார்க்க வேண்டும். வரிகள் மேலும் கீழும் குட்டையாகவும் நடுவில் நீளமாகவும் அமைந்தால்தான் பலூன் வட்டமாக நிற்கும். இதையெல்லாம் அவர் ஒவ்வொரு பலூனுக்கும் செய்தார். கலங்கரை விளக்கக் கதையில் மொத்தம் 131 பலூன்கள்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு சிக்கல் வந்தது. நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். அதனால் முதலில் பேசுபவர் இடப்பக்கம் இருந்தால்தான் உரையாடல் சரியாக ஓடும். அந்தக் கட்டத்தில் முதலில் பேச வேண்டியவர் படகோட்டி. படத்தில் அவர் வலப்பக்கம் நின்றார். முந்தைய கட்டத்தில் அவர் எங்கே நின்றார் என்பதை நான் ஸ்கிரிப்டில் தெளிவாக எழுதாததால் வந்த பிசகு அது. படம் மையிட்டு முடிந்திருந்தது. திரும்ப வரையச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கா படகோட்டியின் பலூனைக் கட்டத்தின் மேல் விளிம்பில் ஒட்டவைத்து, பேசுபவரைக் காட்டும் அதன் வாலைப் பாய்மரத்தின் ஓரமாகவே வளைத்துக் கீழே இறக்கினார். மகளின் பலூனை நன்றாகத் தாழ்த்திவிட்டார். கண் தானாகவே முதலில் மேலே போகிறது. அந்தப் பக்கத்தை நான்கைந்து பேரிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன், ஒருவரும் தடுக்கி நிற்கவில்லை. அதே பக்கத்தில் "பதினோரு சொல்லை எடுத்துவிடேன்" என்றும் கேட்டார். எடுத்தேன். வசனம் கூர்மையானது. நன்றி அக்கா.

வண்ணம் தீட்டியவர், இந்தப் புத்தகம் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட மஞ்சளை விளக்கின் ஒளிக்கு மட்டும் ஒதுக்கி வைத்தார். வேறு எந்தப் பொருளுக்கும் அந்த மஞ்சள் கிடையாது, கடைசிப் பக்கத்தில் மகளின் கண்ணில் ஒரு புள்ளியைத் தவிர. அது நான் எழுதியதில்லை. அவர் கதையைப் படித்துவிட்டு எடுத்த முடிவு. மூன்று பேர் அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்து எனக்கு எழுதியிருக்கிறார்கள். பாராட்டு முழுவதும் அவருக்குரியது.

அவருக்கு முன்னால் ஒரு தம்பி வேலை பார்த்திருக்கிறார். ஃபிளாட்டிங் என்பார்கள். முகம், சட்டை, கயிறு, கல் என்று ஒவ்வொரு உருவத்தின் எல்லையையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே சீரான நிறத்தை நிரப்பிக் கொடுக்கும் வேலை. வண்ணம் தீட்டுபவர் அந்த எல்லைகளைப் பிடித்துக்கொண்டுதான் தன் நிறங்களைப் போடுகிறார். தம்பி போட்ட நிறம் ஒன்றுகூடப் புத்தகத்தில் மிஞ்சாது. எட்டுப் பக்க அலைகளில் ஒவ்வொரு நுரையையும் பிரித்துக் கொடுத்த தம்பி, உன் பெயரும் முதல் பக்கத்தில் இருக்கிறது. பல புத்தகங்களில் இந்த வேலைக்குப் பெயர் போடுவதே இல்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

பதிப்பாசிரியர் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நன்றி ஓர் இரவைப் பற்றியது. 24 பக்கத்தை நடுவில் பின் அடித்தால் 12, 13 ஆகிய இரண்டு பக்கங்களும் ஒரே தாளாக விரியும். விளக்கு முதன்முதலாக எரியும் காட்சியை அந்த நடுத்தாளுக்கென்றே எழுதியிருந்தேன். ஓவியரும் அப்படியே இரு பக்கமாக விரித்து வரைந்திருந்தார். அச்சுக்குப் போகும் முந்தின இரவு வந்த கடைசி புரூஃபில், அதாவது சரிபார்க்கும் பிரதியில், பின்னால் இருக்க வேண்டிய அடுத்த இதழ் அறிவிப்பு எப்படியோ முன்னால் நகர்ந்திருந்தது. மொத்தப் பக்கம் அதே 24-தான், அதனால் எண்ணிப் பார்த்த யாருக்கும் தப்பு தெரியவில்லை. ஆனால் எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போய், அந்தக் காட்சி 13, 14 ஆகிய பக்கங்களில், அதாவது ஒரே தாளின் முன்னும் பின்னுமாக விழுந்துவிட்டது. பாதி விளக்கைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால் மீதிப் பாதி. பக்கம் புரட்டும்போது காத்திருக்க வேண்டிய திருப்பங்களும் புரட்டுவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும்படி வலப்பக்கத்துக்கு வந்துவிட்டன. திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. அம்மா புரூஃபை அச்செடுத்து, மடித்து, பின் அடித்து, புத்தகம் மாதிரி புரட்டிப் பார்த்திருக்கிறார். இரவு பதினொன்றரைக்கு அவர் அழைத்திராவிட்டால் இந்த மடலின் தொனி வேறாக இருந்திருக்கும். அன்றிலிருந்து நானும் அப்படித்தான் மடித்துப் பார்க்கிறேன்.

கடிகாரக் கதைக்கு வருகிறேன். அதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே முடித்துவிட்டோம். 96 பக்கமும் மையிட்டு, லெட்டரிங் முடித்து ஒரு பதிப்பகத்திடம் கொடுத்தோம். பதினான்கு மாதம் பதிலே இல்லை. பிறகு திட்டத்தைக் கைவிட்டதாக ஒற்றை வரியில் தகவல் வந்தது. அந்த நாட்களில் புதிதாக எதையும் எழுத முடியவில்லை. வரைந்தவரின் இரண்டு வருடம் என்னால் வீணாகிவிட்டதோ என்பதுதான் பெரிய வேதனை. இன்று அந்தப் புத்தகம் வேறு இடத்தில் வெளிவந்திருப்பதற்கு ஒரு மூத்த எழுத்தாளர் காரணம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, குறித்த காலத்துக்குள் புத்தகம் வராவிட்டால் உரிமை எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் திரும்ப வேண்டும் என்ற பிரிவைச் சேர்க்க வைத்தவர் அவர். அன்று அது தேவையில்லாத பிடிவாதமாகத்தான் எனக்குத் தோன்றியது. ஐயா, அந்த ஒரு பிரிவுதான் எங்கள் புத்தகத்தை மீட்டது.

பெயர்கள் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்தமாக இருப்பதும் அவர் சொல்லித்தந்ததால்தான். 1939-இல் பேட்மேனின் முதல் கதையை எழுதியவர் பில் ஃபிங்கர். ஆனால் படைத்தவர் என்று ஓவியர் பாப் கேனின் பெயர் மட்டுமே பல பத்தாண்டுகள் அச்சாகிவந்தது. ஃபிங்கர் 1974-இல் இறந்துபோனார். படைத்தவர் வரியில் கேனுடன் அவர் பெயரும் முறையாக வரத் தொடங்கியது 2015-இல். நாற்பத்தோரு வருடம் தாமதம். இதைச் சொல்லிவிட்டு ஐயா, "உன் புத்தகத்தில் யாருக்கும் அப்படி நடக்கக் கூடாது" என்றார். இந்த மடலில் யார் பெயரையும் நான் எழுதாதது, அவற்றை நீங்கள் புத்தகத்திலேயே பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். இரண்டு புத்தகங்களின் முதல் பக்கத்திலும் எல்லார் பெயரும் என் பெயரின் அளவிலேயே, அதே எழுத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கதைக்குப் போய்விடாதீர்கள். ஒருமுறை நிறுத்திப் படியுங்கள், அதுதான் நான் உங்களிடம் கேட்பது.

கடைக்காரர்களுக்கும் நன்றி. பல காமிக்ஸ் கடைகள் மாதங்களுக்கு முன்பே எண்ணிக்கை சொல்லிவிட்டு வாங்குகின்றன. விற்காததைத் திருப்பி அனுப்ப வழியில்லை. ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்காமல் புதிய தொடருக்கு எண்ணிக்கை சொன்னீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன். மீண்டும் ஒருமுறை: வசனங்களை உரக்கப் பேசிப் பார்த்துக்கொண்டு நான் நடந்த இரவுகளைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.

இனி வாசகர்களுக்கு. டொனால்ட் டக் என்ற வாத்தின் கதைகளை எழுதி வரைந்த கார்ல் பார்க்ஸின் பெயர் அந்தக் கதைகளில் பல காலம் போடப்படவே இல்லை. ஆனாலும் வாசகர்கள் அவர் கோடு போடும் விதத்தை வைத்தே அவரைப் பிரித்தறிந்து, "நல்ல வாத்து ஓவியர்" என்று தங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர் யார் என்று 1960 வாக்கில்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. அப்படிப் பார்க்கிற கண்கள் உங்களிலும் இருக்கின்றன. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எனக்கு எழுதியிருக்கிறாள். ஆறாம் பக்கத்தில் காவலாளியின் இடது கைச் சட்டை கிழிந்திருக்கிறது, ஏழாம் பக்கத்தில் கிழியவில்லை, ஏன் என்று கேட்கிறாள். கண்ணம்மா, அது எங்கள் தவறு. ஸ்கிரிப்டில் நான் குறிப்பிட மறந்துவிட்டேன். அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறோம் என்று ஓவியர் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் இதழின் ஸ்கிரிப்ட் போன வாரமே அவரிடம் போய்விட்டது. நேற்று இரவு முதல் பக்கத்துக்கான சிறு மாதிரிப் படம் வந்தது, உள்ளங்கை அளவுதான் இருக்கும். கோபுரத்தின் சுழல் படிகளில் மகள் ஏறிக்கொண்டிருக்கிறாள். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: "அவள் ஓடி ஏறுகிறாளா, பயந்து ஏறுகிறாளா? கால் வைப்பது மாறும்." இந்த மடலை முடித்ததும் அவருக்குப் பதில் எழுத வேண்டும்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் எழுத்தாளர்