ஊர் பார்க்கவா, ஆள் பார்க்கவா?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழில், நான்கே நாளில் சிங்கப்பூரைச் சுற்றி வருவது எப்படி என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். மெரினா பே, செந்தோசா, பறவைப் பூங்கா என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது, குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் விமானம் ஏறுகிறவர்களில் நிறைய பேர் ஊர் பார்க்கப் போகிறவர்கள் இல்லை, ஆள் பார்க்கப் போகிறவர்கள். மகன் வீடு, மகள் வீடு, எங்களுக்கு வாய்த்த மாதிரி பழைய சிநேகிதர் வீடு. அவர்களுக்கென்று ஒரு வரிகூட இல்லையே என்று தோன்றியது, அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தச் சிநேகிதர்கள் திருவெறும்பூரில் எங்கள் எதிர்வீட்டில் 26 வருஷம் இருந்தவர்கள். என் கணவரும் அந்த வீட்டு சாரும் பெல் (BHEL) தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள், அக்காவும் நானும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள். அவர்களுக்கு ஒரே மகள், சிங்கப்பூரில் இருக்கிறாள். அக்காவுக்கு 67 ஆகிறது, சாருக்கு 71. இனி தனியாக இருக்க வேண்டாம் என்று மகள் பிடிவாதமாக நின்று, போன வருஷம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பிப்ரவரியில் பத்து நாள் போய் அவர்களோடு இருந்துவிட்டு வந்தோம்.

முதல் மூன்று நாள் நாங்கள் செய்தது தப்பு. போனதுதான் போனோம் என்று டிக்கெட் எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தோம். எங்களைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அக்காவும் கூடவே வந்தார். முட்டி வலி உள்ளவர், காட்டிக்கொள்ளவே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி பார்த்தால் வலது முட்டி வீங்கிக் கிடக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரைப் பார்க்க வந்தோமோ அவரையே இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறோம்.

நாலாம் நாள் எங்கும் போகவில்லை. காலையில் மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்ப, பேரன் பள்ளிக்கூடம் போக, வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. அங்கே விடிவதே ஏழு மணிக்குத்தான். அக்காவோ இன்னும் ஐந்து மணிக்கு எழுந்து, இருட்டிலேயே வாசல் தெளிக்க முடியாமல், வெளி நடையில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முழம் அகலத்துக்குச் சின்னதாக ஒரு புள்ளிக்கோலம் போட்டுவிட்டு வருகிறார். கூடத்தில் இரண்டு கடிகாரம். ஒன்று அந்த ஊர் நேரம். இன்னொன்று இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, அது நம் ஊர் நேரம். "உங்க தெருவுல பால்காரர் எப்ப வருவார்னு தெரிய வேண்டாமா" என்றார். காபி போட்டார், கீரை ஆய்ந்தோம், பேசினோம். தெருவில் யாருக்குக் கல்யாணம் கூடியது, கோயில் கும்பாபிஷேகத்துக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள், அவர் வைத்த முருங்கை இந்த வருஷம் காய்த்ததா, இதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டார். மணி எப்போது இரண்டானது என்றே தெரியவில்லை. பத்து நாளில் எனக்கு மனசில் நிற்பது அந்த நாள்தான்.

ஊரிலிருந்து என்ன வேண்டும் என்று கிளம்பும் முன் கேட்டபோது, மாவு, வற்றல், பொடி எதுவும் வேண்டாம், எல்லாம் தேக்கா சந்தையில் கிடைக்கிறது, நம் தெரு மளிகைக் கடையில் கொடுக்கும் நாள்காட்டி ஒன்று போதும் என்றார். தினம் ஒரு தாள் கிழிப்போமே, அதுதான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எதைக் கட்டிக்கொண்டு போவது என்று யோசிக்கிறவர்கள் இப்படி வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது. முறுக்கு டின்னைவிட அந்த ஒன்றரைக் கிலோ காகிதம்தான் அவருக்கு மதிப்பாக இருந்தது.

அப்புறம் ஒரு விஷயம், இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இங்கே இருந்தபோது அக்கா தஞ்சாவூர் சாலையைத் தனியாகக் கடந்ததே கிடையாது. பஸ்ஸும் லாரியும் விரட்டிக்கொண்டு வரும், நடுவில் நின்றுவிட்டால் போச்சு என்று என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பார். அதே அக்கா, மகள் வீடு இருக்கும் அங் மோ கியோவில் பையை எடுத்துக்கொண்டு தனியாகச் சந்தைக்குப் போய்வருகிறார்! வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை கூரை போட்ட நடைபாதை, மழை வெயில் இரண்டும் படாது. வழி நெடுக உட்கார இடம் உண்டு. பஸ்ஸில் ஏறப் படி கிடையாது. சிக்னலில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. வயதானவர்கள் தங்கள் சலுகை அட்டையை அதில் தொட்டால், பச்சை விளக்கு கூடுதலாக 3 முதல் 13 விநாடி வரை எரியும், சாலை எவ்வளவு அகலமோ அதற்கேற்ப. 2009இல் தொடங்கிய ஏற்பாடாம். அந்த அட்டை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், அக்காவுக்குக் கிடையாது. அவர் என்ன செய்கிறார் தெரியுமா? அதே நேரத்துக்குத் தள்ளுவண்டிப் பை இழுத்துக்கொண்டு ஒரு சீனப் பாட்டி வருவார். அவர் வரும்வரை சிக்னல் ஓரம் நிற்கிறார். பாட்டி வந்து அட்டையைத் தொடுவார், அக்காவைப் பார்த்துத் தலையசைப்பார், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் மெதுவாகக் கடப்பார்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. நான் கூடப் போன அன்று பாட்டி என்னைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, ஏதோ கேட்டார். அக்கா என் தோளைத் தட்டி "ஃபிரண்ட், ஃபிரண்ட்" என்றார். பாட்டிக்கு அவ்வளவு சந்தோஷம், என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாருக்குப் பேச்சுத்துணைக்குச் சிரமம் இல்லை. அங் மோ கியோ நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது, தமிழ் முரசு பத்திரிகை இருக்கிறது, 1935இலிருந்து வருவது. உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. மனிதர் அங்கேயே நாலு பேரைப் பழக்கம் பிடித்துவிட்டார். பெண்களுக்குத்தான் அது அவ்வளவு சீக்கிரம் வாய்ப்பதில்லை. "நடக்க வழி நல்லாத்தான் இருக்கு, நடந்து போய் யார் வீட்டுக் கதவைத் தட்டறது" என்று அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மகள் குறை வைக்கவில்லை, தங்கமாகப் பார்த்துக்கொள்கிறாள், அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் 26 வருஷப் பேச்சைப் பேச 26 வருஷம் கூட இருந்த ஆள்தானே வேண்டும்.

மீதி நாட்கள் அவர் வேகத்துக்கே போனோம். ஒருநாள் ரயிலில் நியூட்டன் போய் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்காவில் காய் வாங்கி, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனைப் பார்த்துவிட்டு, 1947இலிருந்து இருக்கும் கோமள விலாஸில் தோசை சாப்பிட்டு வந்தோம். ஒருநாள் தோ பாயோ வைராவிமட காளியம்மன் கோயில். வேறெங்கும் இல்லை. ஒன்றரை வெள்ளி (அந்த ஊர் டாலர்) காபிக்கு நூறு ரூபாயா என்று என் கணவர் கணக்குப் போட்டபோது, இங்கே மனசுக்குள் பெருக்கிப் பார்க்கக் கூடாது, பெருக்கினால் ஒன்றும் தொண்டையில் இறங்காது என்று சார் சொன்னார். அது உண்மை.

இப்படிப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். பிள்ளைகளுக்குப் பரீட்சை இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள், வீடு சின்னது, கூடத்தில்தான் படுக்க வேண்டியிருக்கும். மருத்துவக் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள், வெளிநாட்டவருக்கு ஆஸ்பத்திரிச் செலவில் அரசு மானியம் கிடையாது. ஊர் சுற்ற வேண்டுமென்றால் நீங்களாகவே போய்வாருங்கள், ரயிலும் பஸ்ஸும் குழந்தைக்குக்கூடப் புரியும். பெரியவர்களைத் துணைக்கு இழுக்காதீர்கள். பகலில் அவர்கள் தனியாக இருக்கும் நேரத்தில் வீட்டில் இருங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளோடு இருக்கப் போன பெரியவர்கள் அங்கே பகலை எப்படிக் கழிக்கிறார்கள், எந்த ஊரில் அவர்களுக்கு என்ன வசதி இருக்கிறது என்று ஒரு தொடர் எழுதுங்கள். எழுதும்போது அந்தச் சிக்னல் பெட்டியைப் பற்றியும் விரிவாகப் போடுங்கள், நம் ஊரில் சாலையோரம் கை பிடிக்க ஆளில்லாமல் நிற்கும் அக்காக்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

நாங்கள் வரும் தை மாதம் மறுபடி போகலாம் என்றிருக்கிறோம். மளிகைக் கடைக்காரரிடம் புது வருஷ நாள்காட்டி இரண்டு எடுத்து வைக்கச் சொல்லியாகிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவெறும்பூர், திருச்சி.