பழைய தாரைச் சுரண்டாமல் மேலே புதுச்சாலை போட வேண்டாம்: கோரிக்கை மனு

அனுப்புநர்: பிள்ளையார் கோயில் தெருக் குடியிருப்போர்
பெறுநர்: செயற்பொறியாளர் அவர்கள், சாலைகள் பிரிவு

பொருள்: மட்டம் உயராமல் சாலையைப் புதுப்பிக்கக் கோருதல் – நினைவூட்டு மனு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் தெருவைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். முன்னர் அளித்த மனுக்களுக்குப் பதில் கிடைக்காத நிலையில், தெருமுனையில் ஜல்லியும் வந்து இறங்கிவிட்டதால், பணி தொடங்கும் முன்பே கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

1. பழைய பரப்பின் மீதே திரும்பத் திரும்பத் தார் போட்டதால் சாலை எங்கள் வாசற்படியைவிட உயர்ந்துவிட்டது. மழை பெய்தால் தெருநீர் சாக்கடையோடு கலந்து வீட்டுக்குள் இறங்குகிறது. தரைமட்டத் தொட்டியிலும் அதுவே புகுவதால், மழை விட்ட பிறகும் குடிக்க, சமைக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட நல்ல தண்ணீர் இல்லை. தொட்டியை இறைத்துக் கழுவி முடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. வசதியுள்ளவர்கள் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். ஓட்டு வீட்டில் இருக்கும் முதியவர்கள் என்ன செய்வார்கள், ஐயா? செங்கல் அடுக்கிச் சிமென்ட் பூசிய தடுப்பைத் தாண்ட முடியாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறார்கள்.

2. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச்சாலை அமைக்க வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள் அறிவுறுத்தியது தாங்கள் அறிந்ததே. அது எங்கள் தெருவுக்கு மட்டும் பொருந்தாதா?

3. இங்கே அடிமண் களிமண். மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிப்பதால், மேலே எத்தனை அடுக்குத் தார் போட்டாலும் நிற்பதில்லை. எனவே மண்ணைப் பரிசோதித்து, களிமண்ணாக இருக்கும் பகுதிகளில் சுண்ணாம்பையும், மணற்பாங்கான பகுதிகளில் சிமென்டையும் உரிய அளவில் கலந்து, தகுந்த ஈரத்தில் இறுக்கி, பதப்படுத்திய பின்னரே மேற்பரப்பு போட வேண்டுகிறோம். பழைய சாலையை அடித்தளத்தோடு பொடித்து, சிமென்ட் கலந்து, அதையே புது அடித்தளமாக்கும் முறையில் உத்தரப் பிரதேசத்தில் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டச் சாலைகள் போடப்பட்டுள்ளன.

4. சுரண்டும் தாரும் ஜல்லியும் குப்பையல்ல. தார்ச்சாலை மறுசுழற்சிக்கென்றே, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயம் (ஐ.ஆர்.சி.) 2015-ல் ஐ.ஆர்.சி. 120 என்ற வழிகாட்டு நெறியை வெளியிட்டுள்ளது. அதன்படி அவற்றைத் திரும்பப் பயன்படுத்தினால் புதுஜல்லிக்காக மலையை உடைப்பதும் குறையும்.

5. ரோலர் வரும் முன் தாங்களே ஒருமுறை வந்து எங்கள் வாசலில் மட்டம் பாருங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. சுரண்டாமல் போடாதீர்கள், ஐயா. இன்னும் ஓர் அடுக்கு ஏறினால் இந்த வீடுகளில் குடியிருக்க முடியாது.

ஆகவே, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்து, அடிமண்ணை உறுதிப்படுத்தி, மட்டம் உயராமல் சாலை அமைக்க ஆணையிட்டு, அதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருக் குடியிருப்போர்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)